பையன் ப்ளஸ் ஒன், ஊரு புதுசு: நொய்டாவுல அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி இத படிங்க

திருநெல்வேலிலேர்ந்து டெல்லிக்கு டிரான்ஸ்ஃபர், பையன் ஊர்ல ஸ்டேட் போர்டுல பத்தாவது முடிச்சிருக்கான், நொய்டாவுல வீடு பாக்கறோம், ரெண்டு வருஷம் கழிச்சு காலேஜ் இங்கயா ஊர்லயான்னு கேட்டிருந்தீங்க. தம்பின்னு கூப்பிடறேன், தப்பா நினைக்காதீங்க, நான் 1998லேர்ந்து இங்க குப்பை கொட்டறவன்.

வீடு எங்க வேணா எடுங்க தம்பி, ஆனா நொய்டா உத்தர பிரதேசத்துல வருது, ஸ்கூல் மட்டும் டெல்லிக்குள்ள இருக்கணும். இங்க நீங்க எங்க குடியிருக்கீங்கன்னு பாக்கறதில்ல, பையன் பன்னெண்டாவது எந்த ஊர் ஸ்கூல்ல முடிச்சான்னுதான் பாப்பாங்க. டிடியூ, என்எஸ்யூடி, ஐபின்னு டெல்லி கவர்மெண்ட் யுனிவர்சிட்டி எல்லாத்துலயும் 85 சதவீத சீட்டு டெல்லி ஸ்கூல்ல முடிச்சவங்களுக்கு, மிச்சம் 15ல இந்தியா பூரா வந்து முட்டிக்கும். மெடிக்கல்னா இன்னும் கறார், டெல்லி கோட்டா வேணும்னா ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ ரெண்டுமே இங்க படிச்சிருக்கணும், அதனாலதான் இப்பவே சொல்றேன், அடுத்த வருஷம் மாத்திக்கலாம்னு விட்டா நீட் பக்கம் கதவு சாத்திடும்.

நான் ஏமாந்த கதை இது. எங்க வீடு மயூர் விஹார், மெட்ரோ ப்ளூ லைன்ல நியூ அசோக் நகர்தான் டெல்லியோட கடைசி ஸ்டேஷன், அதுக்கு அடுத்தது நொய்டா செக்டர் 15, ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு மூணு நிமிஷம்தான். கட்டடம் நல்லாருக்கு, ஃபீஸும் கொஞ்சம் கம்மின்னு பொண்ண அந்தப் பக்கம் ஒரு ஸ்கூல்ல போட்டேன். 2019ல கவுன்சிலிங் ஃபார்ம்ல ஸ்கூல் இருக்கற ஸ்டேட்னு ஒரு கட்டம் வந்துச்சு, அதுல உத்தர பிரதேசம்னு அடிச்சிட்டு அவ என் மூஞ்சிய பாத்தா பாருங்க. கீழ் வீட்டுப் பையன் அவளவிட பின்னாடி ரேங்க், அவனுக்கு டிடியூ கிடைச்சுது. பொண்ணு இப்ப நல்லாத்தான் இருக்கா, ஆனா அந்த ஸ்டேஷன தாண்டும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

தமிழ் விட்டுப்போகக்கூடாதுன்னா டெல்லி தமிழ் கல்விக் கழகம் நடத்தற டிடிஇஏ ஸ்கூல் ஏழு இருக்கு, ஜனக்புரி, ஆர்.கே.புரம், லோதி எஸ்டேட்னு, போய் விசாரிங்க. ஹிந்தி தெரியாதேன்னு பயப்படாதீங்க, சிபிஎஸ்இ பதினொண்ணுல ஹிந்தி கட்டாயம் கிடையாது, ரோட்டுக்கு வேண்டிய ஹிந்திய ஆறே மாசத்துல சப்ஜி வண்டிக்காரர் கத்துக்குடுத்துடுவார்.

க்ரூப் எடுக்கறப்ப கொஞ்சம் யோசிங்க. டெல்லி யுனிவர்சிட்டில 2021 வரைக்கும் ப்ளஸ் டூ மார்க்குதான், நூத்துக்கு நூறு கட்ஆஃப் போட்ட காலேஜெல்லாம் உண்டு, 2022லேர்ந்து சியூஇடின்னு ஒரு நுழைவுத் தேர்வு, டெல்லி யுனிவர்சிட்டிக்குன்னா அதுல பன்னெண்டாவதுல படிச்ச சப்ஜெக்ட்டதான் எழுதணும். மேத்ஸ் வேணாம்னு விட்டுட்டு அப்புறம் எகனாமிக்ஸ் ஆனர்ஸ் கேட்டா கிடைக்காது.

அதுக்காக ஊர கை கழுவிடாதீங்க. அண்ணா யுனிவர்சிட்டி கவுன்சிலிங்குக்கு என்ட்ரன்ஸே கிடையாது, மேத்ஸுக்கு 100, பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் சேந்து 100, ஆக 200க்கு கட்ஆஃப், சிபிஎஸ்இ பையனும் போடலாம். ஆனா எட்டாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் தமிழ்நாட்டுல படிக்காதவங்களுக்கு நேட்டிவிட்டி சர்டிஃபிகேட் வேணும், அத லீவுக்கு ஊருக்குப் போறப்பவே வாங்கி வெச்சுக்கங்க. நீங்க பிசி கம்யூனிட்டின்னா அந்த சர்டிஃபிகேட் ஊருக்குத்தான் ஆகும், சென்ட்ரல் கவர்மெண்ட் காலேஜுக்குக் கேக்கற ஓபிசி நான் க்ரீமி லேயர் வேற, அது அந்தந்த நிதியாண்டுக்குப் புதுசா இருக்கணும், அப்ளை பண்ற வருஷம் வாங்கினா போதும். பையன் ஊர்ல கவர்மெண்ட் ஸ்கூலா இருந்தா அந்த 7.5 சதவீத ஒதுக்கீடு மட்டும் போச்சு, அதுக்கு ஆறாவதுலேர்ந்து ப்ளஸ் டூ வரைக்கும் அங்கேயே படிச்சிருக்கணும்.

டெல்லில காலு சராய்ங்கற ஏரியாவுல இருக்கற கோச்சிங்க்காரங்க ஸ்கூலுக்கே போக வேணாம், டம்மி அட்மிஷன் போட்டுத் தரோம்பாங்க. தலையாட்டிடாதீங்க. 75 சதவீதம் அட்டெண்டன்ஸ் இல்லன்னா சிபிஎஸ்இ போர்டு எக்ஸாம்ல உக்காரவே விடாது, அது போக போர்டு மார்க் சரிஞ்சா நான் மேல சொன்ன ஊர் கவுன்சிலிங்கும் சேந்து சரியும்.

அப்புறம் நம்ம இனிஷியல். இங்க கிளார்க்குக்கு அது புரியவே புரியாது, சர்நேம் க்யா ஹை, சர்நேம் க்யா ஹைன்னு உயிர எடுப்பார், நம்மளும் போனாப் போகுதுன்னு அப்பா பேர சொல்லிடுவோம், அவ்ளோதான், பத்தாவது மார்க்‌ஷீட்ல ஒரு பேரு, ஆதார்ல ஒரு பேரு, இங்க போர்டுல மூணாவதா ஒண்ணு. பதினொண்ணுல சிபிஎஸ்இ ரெஜிஸ்ட்ரேஷன் வரும், அதுக்கு முன்னாடி ஆதார பத்தாவது மார்க்‌ஷீட்டோட ஒத்துப்போற மாதிரி மாத்திடுங்க. ஸ்டேட் போர்டுலேர்ந்து வர்றதால டிசியோட மைக்ரேஷன் சர்டிஃபிகேட்டும் கேப்பாங்க, வாங்கிட்டீங்களா? மார்க்‌ஷீட்ல இனிஷியல் முன்னாடி இருக்கா பின்னாடி இருக்கான்னு பாத்து சொல்லுங்க, மத்தத அப்புறம் பேசலாம்.