டிம் டங்கனால் 19 பருவங்கள் ஒரே அணியில் நிலைத்து ஆட முடிந்தது எப்படி?

"உயரமான கூடைப்பந்து வீரர்களின் முழங்கால்கள் முப்பது வயதைத் தாண்டியதுமே தளர்ந்துவிடுகின்றன, அப்படியிருக்க, டிம் டங்கன் 40 வயது வரை ஒரே அணியில் எப்படித் தாக்குப்பிடித்தார்? உடல்வாகா, அதிர்ஷ்டமா, பயிற்சியாளரின் சாமர்த்தியமா?" என்பது கேள்வி. மூன்றுக்கும் பங்குண்டு. ஆனால் அவருடைய ஆட்டத்தை நெடுங்காலம் விரும்பிப் பார்த்தவன் என்ற முறையில், நான் முதலிடம் கொடுப்பது வேறொன்றுக்கு. தன் பங்கைச் சுருக்கிக்கொள்ள வேண்டிய காலம் வந்து கதவைத் தட்டுவதற்கு முன்பே, அதைச் சுருக்கிக்கொள்ள அவர் சம்மதித்தார்.

அமெரிக்கக் கன்னித் தீவுகளில் ஒன்றான செயின்ட் குரோயில் 1976-இல் பிறந்த டங்கன், சிறுவயதில் நீச்சல் வீரர். அவருடைய அக்காள் டிரிஷா 1988 சியோல் ஒலிம்பிக்கில் நீந்தியவர். தம்பியும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தார். 1989 செப்டம்பரில் வீசிய ஹியூகோ சூறாவளி, தீவில் இருந்த ஒரே ஒலிம்பிக் அளவு நீச்சல் குளத்தை அழித்தது. கடலில் பயிற்சி செய்யலாம் என்றால் அவருக்குச் சுறா பயம். அடுத்த ஆண்டு ஏப்ரலில், அவருடைய பதினான்காம் பிறந்தநாளுக்கு முந்தைய நாள், தாயார் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். கூடைப்பந்தை அவர் முறையாக எடுத்துக்கொண்டது இதற்குப் பிறகுதான். கல்லூரிப் படிப்பை முடிப்பேன் என்று தாயாருக்குக் கொடுத்த வாக்கின்படி வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகளும் படித்து, உளவியலில் பட்டம் பெற்ற பின்னரே அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வுக்கு வந்தார். பாதியிலேயே கிளம்பியிருந்தால் பல லட்சம் டாலர் முன்கூட்டியே கைக்கு வந்திருக்கும்.

முந்தைய பருவத்தில் பின்தங்கிய அணிகளுக்கு முன்னுரிமை தந்து புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்க விடும் டிராஃப்ட் என்ற முறையில், 1997-இல் அவரை முதலாவதாகத் தேர்ந்தெடுத்த சான் அன்டோனியோ ஸ்பர்ஸ், வழக்கமாகக் கடைசி இடத்தில் கிடக்கும் அணி அன்று. நட்சத்திர வீரர் டேவிட் ராபின்சன் காயத்தால் ஆறே ஆட்டங்களில் ஆடியதால், முந்தைய பருவத்தில் அது 20 வெற்றி, 62 தோல்வி என்று சரிந்திருந்தது. ராபின்சன் திரும்பினார், டங்கன் சேர்ந்தார், அணி 56 ஆட்டங்களை வென்றது. ஆனால் அந்த எண்ணிக்கையைவிட முக்கியமான ஒன்று அங்கே நடந்தது என்று நினைக்கிறேன். 1995-இல் லீகின் மிகமதிப்புமிக்க வீரர் விருதைப் பெற்ற ராபின்சன், தாக்குதலின் மையத்தை இந்த இளைஞருக்கு விட்டுக்கொடுத்துவிட்டுத் தற்காப்பிலும் ரீபவுண்டிலும் (தவறிய எறிவின் பந்தைக் கைப்பற்றுவதிலும்) கவனம் செலுத்தத் தொடங்கினார். 1999-இல் நியூயார்க் நிக்ஸ் அணியை 4-1 என வீழ்த்தி ஸ்பர்ஸ் தன் முதல் பட்டத்தை வென்றபோது, இறுதித் தொடரின் சிறந்த வீரராகத் தேர்வானவர் 23 வயது டங்கன். மூத்தவர் ஒருவர் மனக்கசப்பின்றி இடம் கொடுப்பதை அவர் தொழிலின் தொடக்கத்திலேயே பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டார். ராபின்சனின் கடைசி ஆட்டம் 2003 இறுதித் தொடரின் ஆறாம் ஆட்டம். நியூ ஜெர்சி நெட்ஸ் அணிக்கு எதிராக அன்று டங்கன் 21 புள்ளிகள், 20 ரீபவுண்டுகள், 10 அசிஸ்ட்டுகள் (சக வீரர் புள்ளி எடுக்க வழிசெய்யும் பாஸ்கள்), 8 பிளாக்குகள் (எதிரணி எறிவைத் தடுப்பது) குவித்தார். ஒரு தனிமனிதர் ஆடிய இறுதித் தொடர் ஆட்டங்களில் இதற்கு மேலானது என்று சொல்ல எனக்கு அதிகம் தோன்றவில்லை.

உடலைப் பொறுத்தவரை, அவருடைய ஆட்டம் துள்ளலையும் வேகத்தையும் பெரிதாக நம்பியிருக்கவில்லை. வளையத்துக்கு இடப்பக்கம் சரிவான கோணத்தில் நின்று, பந்தைப் பலகையில் மெல்லத் தட்டி உள்ளே விழச்செய்யும் எறிவுதான் அவருடைய முத்திரை. அதற்குத் தேவை கோணமும் கைப்பக்குவமும். இரண்டும் வயதால் எளிதில் கெடாதவை. தற்காப்பிலும் அப்படியே. எதிராளி எங்கே வருவார் என்பதை முன்கூட்டிக் கணித்து, அங்கே கைகளை உயர்த்தியபடி நிற்பார். பந்தைத் தடுத்தால் அரங்கின் மூன்றாம் வரிசைக்கு அடித்து அனுப்பாமல் தன் அணியினரின் கைக்கே போகும்படி தட்டிவிடுவார். பருவந்தோறும் அறிவிக்கப்படும் சிறந்த தற்காப்பு வீரர்களின் பட்டியலில் 15 முறை இடம்பெற்றது லீகின் சாதனை. அப்படிப்பட்டவருக்கு ஆண்டின் சிறந்த தற்காப்பு வீரர் விருது ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை என்பது வாக்களித்தவர்களைப் பற்றித்தான் ஏதோ சொல்கிறது!

ஆனாலும் முழங்கால் முழங்கால்தான். 2000-இல் இடது முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், பிற்காலத்தில் அதில் தாங்கு கவசம் அணிந்தே ஆடினார். மூட்டின் சுமையைக் குறைக்க உடல் எடையையும் நன்றாகக் குறைத்தார். 2001-02 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 40 நிமிடங்களுக்கு மேல் களத்தில் நின்றவரை, பயிற்சியாளர் கிரெக் பாப்பவிச் 2010-11 பருவத்தில் 28 நிமிட அளவுக்கு இறக்கினார். அவருடைய சராசரிப் புள்ளிகள் 13 ஆகச் சரிந்தன, பலர் அவருடைய கதை முடிந்தது என்றனர், அணியோ அந்தப் பருவத்தில் 61 ஆட்டங்களை வென்றது. 2012 மார்ச்சில் ஓர் ஆட்டத்தில் ஓய்வு கொடுத்தபோது, ஆட்டக் குறிப்பில் அவர் ஆடாததற்கான காரணம் 'முதுமை' என்று பதிவானது. பாப்பவிச்சின் குசும்பு அது. அதே ஆண்டு நவம்பரில், மயாமியில் நடக்கவிருந்த ஆட்டத்துக்கு முன் டங்கன் உள்ளிட்ட நான்கு முக்கிய வீரர்களை ஓய்வுக்காக ஊருக்கு அனுப்பியதற்கு லீக் ஸ்பர்ஸுக்கு 2,50,000 டாலர் அபராதம் விதித்தது. அந்தப் பருவத்தில், 37 வயதை எட்டிய டங்கன் சராசரியாக 30 நிமிடங்களே ஆடி 17.8 புள்ளிகளும் 9.9 ரீபவுண்டுகளும் எடுத்து, பருவத்தின் சிறந்த ஐந்து வீரர்களாக லீக் அறிவிக்கும் முதல்தரப் பட்டியலில் மீண்டும் இடம்பிடித்தார்.

பணத்திலும் இதே போக்கைப் பார்க்கலாம். என்.பி.ஏ.யில் அணிகள் வீரர்களுக்கு மொத்தமாகச் செலவிடும் தொகைக்கு வரம்பும், ஓர் அளவைத் தாண்டினால் வரியும் உண்டு. எனவே ஒருவர் விட்டுக்கொடுக்கும் சம்பளம் நேரடியாக இன்னொருவரைத் தக்கவைக்க உதவும். 2011-12 பருவத்தில் ஏறத்தாழ 2 கோடியே 10 லட்சம் டாலர் பெற்ற டங்கன், அடுத்த ஒப்பந்தத்தில் ஆண்டுக்குச் சுமார் ஒரு கோடி டாலரையே ஏற்றுக்கொண்டார். டேனி கிரீன், போரிஸ் டியோ ஆகியோர் அணியில் நீடிக்க அது வழிவிட்டது. 2014 பட்டத்தில் இருவருக்கும் கணிசமான பங்கு இருந்தது.

அந்தப் பட்டத்துக்கு முந்தைய ஆண்டின் கதையைச் சொல்லாமல் இந்தப் பதில் நிறைவடையாது. 2013 இறுதித் தொடரின் ஆறாம் ஆட்டத்தில் டங்கன் முதல் பாதியில் மட்டும் 25 புள்ளிகள் எடுத்திருந்தார். அரை நிமிடம் மட்டுமே எஞ்சியிருந்த வேளையில் ஸ்பர்ஸ் ஐந்து புள்ளிகள் முன்னிலையில் இருந்தது. மூன்று புள்ளி எறிவுகளைத் தடுக்க வேகமான வீரர்கள் வேண்டும் என்று கருதிய பாப்பவிச், முன்னிலை மூன்று புள்ளிகளாகக் குறைந்திருந்த கடைசித் தற்காப்பின்போது டங்கனை வெளியே உட்காரவைத்தார். மயாமி ஹீட்டின் எறிவு தவறியது. வளையத்தடியில் டங்கன் இல்லாத இடத்தில் கிறிஸ் பாஷ் ரீபவுண்டைப் பிடித்து ரே ஆலனிடம் கொடுக்க, அவர் 5.2 விநாடிகள் மீதமிருக்கையில் மூன்று புள்ளி எறிவால் ஆட்டத்தைச் சமன்செய்தார். கூடுதல் நேரத்தில் ஹீட் வென்றது. ஏழாம் ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில், ஸ்பர்ஸ் இரண்டு புள்ளிகள் பின்தங்கியிருந்தபோது, வளையத்துக்கு அருகிலேயே ஓர் எறிவைத் தவறவிட்டார் டங்கன். தரையை ஓங்கி அறைந்தபடி அவர் தற்காப்புக்குத் திரும்பியது, பொதுவாக முகத்தில் எதையும் காட்டாத அவரிடம் நாம் அபூர்வமாகக் கண்ட காட்சி. வேறு அணியாக இருந்தால் அந்தக் கோடையில் பயிற்சியாளருக்கும் நட்சத்திரத்துக்கும் இடையே பனிப்போர் மூண்டிருக்கும். இங்கே அடுத்த ஆண்டு அதே ஹீட்டை 4-1 என வென்றார்கள். இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருது 22 வயது காவாய் லெனர்டுக்குப் போனது, 2007-இல் அது டோனி பார்க்கருக்குப் போனதைப் போல.

கடைசிப் பருவமான 2015-16-இல் டங்கனின் சராசரி 8.6 புள்ளிகள்தான், ஸ்பர்ஸ் 67 ஆட்டங்களை வென்றது. ஓக்லஹோமா சிட்டியிடம் தோற்று வெளியேறிய கடைசி ஆட்டத்தில் அவர் 19 புள்ளிகள் எடுத்தார். அந்த ஜூலையில் அணி வெளியிட்ட ஓர் அறிக்கையோடு ஓய்வு பெற்றார். பிரியாவிடைச் சுற்றுப்பயணம் எதுவும் இல்லை. கணக்கெடுத்தால் 1,392 ஆட்டங்கள், 26,496 புள்ளிகள், 15,091 ரீபவுண்டுகள், ஐந்து பட்டங்கள்.

இதை மற்ற வீரர்களும் பின்பற்றலாமே என்று கேட்டால், தயங்கித்தான் பதில் சொல்வேன். 19 பருவங்களும் அவருக்கு ஒரே தலைமைப் பயிற்சியாளர். விட்டுக்கொடுத்த பணம் அணியின் நலனுக்கே செலவாகும் என்று நம்பத்தக்க நிர்வாகம். தொழில் வாழ்க்கை முழுவதிலும் சம்பளமாகவே 20 கோடி டாலருக்கு மேல் ஈட்டியவர் என்பதால் விட்டுக்கொடுக்கும் வசதி. இவை எதுவும் இல்லாமல் இரண்டு ஆண்டுக்கு ஓர் அணி என மாறிக்கொண்டிருக்கும் வீரரிடம், அடுத்த ஒப்பந்தமே நிச்சயமில்லாதபோது, நிமிடங்களையும் எறிவுகளையும் தானாகக் குறைத்துக்கொள் என்று சொல்வது நியாயமாகாது.