பினிங்

அன்புள்ள ஐயா,

பாகிஸ்தானில் பேசப்படும் திராவிட மொழியான பிராகுயியில் 'கேட்பது' என்பதற்குப் 'பினிங்' என்கிறார்களாம். நம் 'வினவு' அங்கே போய்ச் சிதைந்ததுதானே இது? அப்படியென்றால் சிந்துவெளியில் தமிழ்தான் பேசினார்கள் என்று உறுதியாகிவிட்டதல்லவா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

சில நாட்களாக இந்தச் சொல்லே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம்.

சிந்துவெளியை விட்டுவிடுவோம். பிராகுயி மக்கள் வடமேற்கிலேயே தங்கிவிட்டவர்களா, பின்னால் தெற்கிலிருந்து போனவர்களா என்பதே இன்னும் தீராத வழக்கு. ஒரு வினைச்சொல்லைக் கூண்டில் ஏற்றித் தீர்ப்பு வாங்க முடியாது.

ஆனால் 'சிதைந்தது' என்று எழுதினீர்களே, அதை விட மாட்டேன். பலூசிஸ்தானத்தின் கலாத் மலைகளில் ஆடு மேய்ப்பவர் தன் தாயிடம் கற்ற சொல் நம் சொல்லின் சிதைவு என்று எந்தத் துணிச்சலில் சொல்கிறீர்கள்? 'இங்' வெறும் விகுதி. வேர் 'பின்'. அந்தப் ப, 'பஸ்' என்பதில் வரும் ப. நம் வகரம் சொல்லின் தொடக்கத்தில் அங்கே அப்படித்தான் ஒலிக்கும். வாய் என்பது 'பா', வில் என்பது 'பில்'.

தெலுங்கில் இதே வேர்தான் 'வினு'. பொருள், காதால் கேட்பது. பிராகுயியிலும் அதேதான். இத்தனை தூரம் பிரிந்து கிடக்கும் இரண்டு மொழிகள் ஒரே பொருளைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன. நாம்தான் கேள்வி கேட்கும் பக்கம் ஒதுங்கிவிட்டோம். இப்போது சொல்லுங்கள், மாறியது யார்? பழந்தமிழில் வினவுதலுக்குக் காதால் கேட்டல் என்ற பொருளும் உண்டு. காதின் வேலை, வாயின் வேலை இரண்டையும் 'கேள்' எடுத்துக்கொள்ள, 'வினவு' சுருங்கிப்போனது என்பது என் எண்ணம்.

சிறுவயதில் எங்கள் பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசும் பாட்டி ஒருவர் இருந்தார். திண்ணையில் பூக் கட்டிக்கொண்டே கதை சொல்வார். நாரை இழுத்து முடிச்சுப் போடும்போது கதையை நிறுத்தி, "வின்னாவா?" என்பார். கேட்டாயா என்று அர்த்தம். என் காதில் அது 'வினாவா' என்று விழும். ஏதோ கேள்வி கேட்கிறார் என்று நினைத்து, அடுத்து என்ன நடக்கும் என்று நானே கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவேன். பாட்டி மல்லிகை வாசம் அடிக்கும் ஈர விரல்களால் என் வாயைப் பொத்தி, "வினு" என்பார்.