டிசி கேட்டு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்

கேள்வி: என் மகள் ஏற்காட்டில் ஒரு சி.பி.எஸ்.இ. உறைவிடப் பள்ளியில் பத்தாம் வகுப்பு. ஜூன் மாதம் ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. வேலூரில் சிகிச்சை. இப்போது பாதி நாள் ஆஸ்பத்திரி, பாதி நாள் அம்மாபேட்டை வீடு. பாடங்களையாவது அனுப்புங்கள் என்று கெஞ்சினேன். “டிசி வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்கிறார் முதல்வர். மற்ற பெற்றோர் முன்னால், “ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு ஏதாவது ஒட்டிக்கொண்டால் யார் பொறுப்பு?” என்றும் கேட்டார். கட்டிய ஹாஸ்டல் பணம் 1,20,000 ரூபாயைத் திருப்பித் தரவில்லை. அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி, அங்கே பள்ளியே வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆசிரியரை அனுப்பும் என்கிறான். இங்கே அப்படிக் கேட்க முடியாதா? முதல்வர் மேல் வழக்குப் போடலாமா?

— ஒரு தாய், சேலம்

பதில்: புற்றுநோய் ஒட்டாது. முதல்வர் பேசியது அறிவில்லாத பேச்சு. ஆனால் அதற்காக நீங்கள் போடும் எந்த வழக்கும் உங்கள் மகளைத் தேர்வு மண்டபத்தில் கொண்டுபோய் உட்கார வைக்காது. வருகைக் குறைவை மன்னிக்கச் சொல்லி வாரியத்துக்குப் போக வேண்டிய பரிந்துரையில் கையெழுத்துப் போட வேண்டியவர் அதே முதல்வர்தான். இன்றைக்கு அவருக்கு வக்கீல் நோட்டீஸ் போனால், டிசம்பரில் அந்தக் கோப்பு மேசையில் தூங்கும். அவமானத்தை இப்போதைக்கு மடித்து வையுங்கள். ஹாஸ்டல் பணத்தையும்தான். பண வசூல் வழக்குக்கு மூன்று ஆண்டு காலவரம்பு இருக்கிறது. மகளின் வருகைக் கோப்புக்கு அவ்வளவு நாள் கிடையாது.

உங்கள் தம்பி சொன்னது உண்மை, அங்கே. அமெரிக்காவின் சிறப்புக் கல்விச் சட்டத்தில் வீட்டிலும் மருத்துவமனையிலும் கற்பிப்பது சிறப்புக் கல்வியின் வரையறைக்குள்ளேயே வருகிறது. அதன் விதிகள் உடல்நலக் குறைபாடுகளைச் சொல்லும் இடத்தில் லுக்கீமியாவை, அதாவது ரத்தப் புற்றுநோயை, பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. நம் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் 21 வகைகள் உண்டு. ஹீமோபிலியா, தலசீமியா, சிக்கிள் செல் ஆகிய ரத்த நோய்கள் அதில் இருக்கின்றன. ரத்தப் புற்றுநோய் இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்த்த வீட்டுவழிக் கல்வி, கடும் ஊனமோ பல்வகை ஊனமோ உள்ள பிள்ளைகளுக்கானது. அந்தச் சட்டமே 14 வயதோடு, எட்டாம் வகுப்போடு முடிகிறது. ஆகவே பத்தாம் வகுப்பு மாணவிக்கு ஆசிரியரை வீட்டுக்கு அனுப்பு என்று ஒரு தனியார் பள்ளியைச் சட்டத்தால் கட்டாயப்படுத்த முடியாது. கேட்டு வாங்கலாம், அது வேறு விஷயம்.

உங்கள் வழக்கில் சட்டம் பார்க்கப்போவது ஒன்றைத்தான்: மகள் இன்னும் அந்தப் பள்ளியின் ரெகுலர் மாணவியாக இருக்கிறாளா, வாரியத்துக்குப் போகும் தேர்வர் பட்டியலில் அவள் பெயர் இருக்கிறதா? எல்.ஓ.சி. என்று பள்ளியில் சொல்வார்களே, அந்தப் பட்டியல். அது வழக்கமாக ஆகஸ்ட், செப்டம்பரில் ஏறிவிடும். இந்த வாரமே எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் கேட்டால் போதாது. ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட், கூடவே பள்ளியின் மின்னஞ்சலுக்கு ஒரு பிரதி.

டிசி கடிதத்தில்தான் பெரும்பாலான பெற்றோர் விழுகிறார்கள். பிள்ளை ஊசியோடு படுத்திருக்கும்போது யாரோ ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, “சும்மா ஒரு ஃபார்மாலிட்டி” என்பார்கள். “என் சொந்த விருப்பத்தின் பேரில்” என்ற வரி அதில் கட்டாயம் இருக்கும். அந்த வரிக்குக் கீழே கையெழுத்து விழுந்ததும் பள்ளி உங்களை வெளியேற்றவில்லை, நீங்களே போனீர்கள் என்றாகிவிடும். பிறகு வேறு சி.பி.எஸ்.இ. பள்ளியில் நேரே பத்தாம் வகுப்பில் சேர்க்க வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். “அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்ற வாய்ச்சொல்லுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. “அவளுக்குப் படிப்பில் மனமே இல்லை, இந்த வருஷம் வரமாட்டாள்” என்று வேதனையில் எழுதும் கடிதமும் அதே கெடுதலைச் செய்யும். எதிர்த்தரப்பு முதலில் காட்டுவது அதைத்தான்.

இனி வருகைக் கணக்கு. பள்ளி ஜனவரி 1 வரை 150 நாள் நடந்தது என்று வைத்துக்கொள்வோம். 75 சதவீதத்துக்கு 113 நாள் வேண்டும். 15 சதவீதம் வரையான குறைவை வாரியத் தலைவர் மன்னிக்கலாம், அதாவது 90 நாள் வந்திருந்தால். உங்கள் மகள் ஏப்ரலிலும் ஜூனிலும் சேர்த்து முப்பது நாள் போயிருந்தாலே அதிகம். 60 சதவீதத்துக்குக் கீழே இருப்பவர்களுக்கு வாரிய விதி ஒரே ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது: புற்றுநோய், எய்ட்ஸ், காசநோய் போன்ற, நீண்ட காலம் மருத்துவமனையில் இருக்க வேண்டிய கடும் நோய்கள். புற்றுநோய் பெயரோடு இருப்பதால் வாசல் உங்களுக்குத் திறந்தே இருக்கிறது. தாளைச் சரியாகத் தயார் செய்யாமல்தான் அங்கே திரும்பி வருகிறார்கள்.

பிள்ளைகளுக்கு அதிகம் வரும் வகை ரத்தப் புற்றுநோய் என்றால் முதல் ஆறெட்டு மாதம் தீவிர சிகிச்சை, மொத்தத்தில் இரண்டு மூன்று வருடம். அதில் பெரும்பகுதி காலையில் போய் மருந்து ஏற்றிக்கொண்டு மாலையில் திரும்புவது. டிஸ்சார்ஜ் சம்மரிகளைக் கூட்டினால் படுக்கையில் இருந்த நாள் முப்பதோ நாற்பதோதான் வரும். மீதி நாட்களில் ஏன் பள்ளிக்கு வரவில்லை என்று கோப்பைப் பார்ப்பவர் கேட்பார். வெள்ளையணு குறைந்து தொற்று வரும் அபாயம் இருந்ததால் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை வகுப்பறைக்குப் போகக்கூடாது என்று சிகிச்சை தரும் டாக்டர் தேதி போட்டு எழுதியிருக்க வேண்டும். “சிகிச்சையில் உள்ளார்” என்ற ஒற்றை வரி போதாது. வாரியம் கேட்பது அரசு மருத்துவரின் சான்று. ஆகவே வேலூர்த் தாள்களை எடுத்துக்கொண்டு சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சான்று பெறுங்கள். டிசம்பர் கடைசியில் விடுமுறைக் கூட்டத்தில் அலையாமல் நவம்பரிலேயே போய்விடுங்கள்.

விடுப்புக் கடிதங்களை மொத்தமாக ஜனவரியில் எழுதிக் கொடுத்தால் செல்லாது. விடுப்பு எடுத்த உடனேயே மருத்துவத் தாளோடு கொடுத்திருக்க வேண்டும் என்பதில் வாரியம் இப்போது கறாராக இருக்கிறது. ஜூனிலிருந்து விட்டுப்போனதை இன்றைய தேதியிட்டே ஒரே கடிதமாகக் கொடுங்கள், முன்தேதி போட வேண்டாம். இனிமேல் ஒவ்வொரு சுற்று மருந்துக்கும் ஒரு கடிதம்.

“நாங்களே அட்டெண்டன்ஸ் போட்டுவிடுகிறோம், கவலைப்படாதீர்கள்” என்று நல்லெண்ணத்தில் ஒரு வகுப்பாசிரியர் சொல்லக்கூடும். தலையாட்டாதீர்கள். வேலூரில் அட்மிட் ஆன தேதியில் ஏற்காட்டில் ‘பிரசென்ட்’ என்றிருந்தால் இரண்டு ஆவணமும் ஒன்றையொன்று பொய்யாக்கும். பள்ளிக்கு வராமல் பெயரை மட்டும் பதிந்து வைத்திருக்கும் டம்மி மாணவர்களைப் பிடிக்க வாரியம் முன்னறிவிப்பின்றி ஆய்வுக்கு வருகிற காலம் இது.

பலர் கவனிக்காத இன்னொன்று, அக மதிப்பீட்டின் 20 மதிப்பெண். பருவத் தேர்வு, பன்முக மதிப்பீடு, போர்ட்ஃபோலியோ, பாடச் செறிவூட்டல், ஒவ்வொன்றுக்கும் ஐந்து. வருகைக்கு மன்னிப்பு கிடைத்தாலும் அக மதிப்பீடு நடக்கவில்லை என்றால் முடிவை வெளியிட முடியாது, எசென்ஷியல் ரிப்பீட், அதாவது மறுபடியும் எழுத வேண்டியவர், என்றாகிவிடும் என்று வாரியம் 2025-ல் சொல்லிவிட்டது. வீட்டு ஆசிரியர் கேட்டுச் சண்டை போடும் சக்தியை இதில் செலவிடுங்கள். அந்த 20 மதிப்பெண்ணுக்கான வேலைகளை வீட்டிலிருந்தே முடிக்க விடுங்கள், ஒப்படைப்புகளை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள், வாய்மொழித் தேர்வை வீடியோவில் நடத்துங்கள் என்று கேளுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, வாந்தி எடுத்துக்கொண்டு ஒரு பிள்ளை பருவத் தேர்வு எழுத வேண்டியதில்லை என்பது அந்த முதல்வருக்கும் புரியும். ஆசிரியரை அனுப்பு என்றால் மறுப்பவர்கள் இதற்கு ஒப்புக்கொள்வதுண்டு, செலவு இல்லை என்பதால்.

வின்கிரிஸ்டின் என்ற மருந்து கொடுக்கிறார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். அது விரல் நரம்புகளைத் தாக்கும். பேனா பிடிக்க முடியாமல் போகலாம். 2021-ல் விகாஷ் குமார் வழக்கில், 40 சதவீத ஊனம் இல்லை என்பதற்காக மட்டும் சொல்லச் சொல்லத் தேர்வு எழுதித் தரும் எழுத்தரை மறுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தேவைப்பட்டால் அந்தக் கோரிக்கையையும் பள்ளி வழியாக இப்போதே வையுங்கள். தேர்வுக்கு முதல் நாள் கேட்டால் எதுவும் நடக்காது.

வாரியம் எழுத்தில் மறுத்தால் மட்டும் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. சேலத்துக்குச் சென்னை அமர்வுதான், மதுரைக் கிளை இல்லை. பிப்ரவரியில் தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் ஓடிப்போய் இடைக்கால உத்தரவு வாங்குவது ஒரு பொறி. தேர்வு எழுத விடுவார்கள், முடிவு வழக்கின் தீர்ப்புக்கு உட்பட்டது என்று நிறுத்தி வைக்கப்படும். பதினோராம் வகுப்புச் சேர்க்கை முடியும்வரை பிள்ளை கையில் மார்க் ஷீட் இருக்காது. நுகர்வோர் நீதிமன்றம் வேண்டாம். கல்வி நிறுவனம் அதற்குள் வராது என்று 2020-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னதே ஒரு சேலத்து வழக்கில்தான்.

சமரசமாகப் போகச் சொல்லும் இடம் ஒன்று இருக்கிறது. நவம்பரில் டாக்டரிடம் கேளுங்கள்: பிப்ரவரி, மார்ச்சில் இவளால் ஐந்து தாள் எழுத முடியுமா? இப்போது ஆண்டுக்கு இரண்டு தேர்வு என்றாலும், முதல் தேர்வில் மூன்று பாடமோ அதற்கு மேலோ எழுதாமல் விட்டவர் மே மாதத் தேர்வுக்குப் போக முடியாது. “முடியாது” என்று டாக்டர் சொன்னால் மன்னிப்புக் கோப்பை விட்டுவிடுங்கள். பள்ளியோடு உட்கார்ந்து, டிசி இல்லாமல் அடுத்த ஆண்டும் பத்தாம் வகுப்பில் தொடரலாம், புதிதாகச் சேர்க்கைக் கட்டணம் இல்லை, ஹாஸ்டல் பணத்தில் உண்ட நாள் போக மீதி அடுத்த ஆண்டுக் கணக்கில் வரவு என்று பள்ளித் தாளில், முத்திரையோடு எழுதி வாங்குங்கள். பாதிப் பணம்தான் வரவு வைப்போம் என்றாலும் ஒப்புக்கொள்ளலாம். பள்ளி அதற்கும் மசியவில்லை என்றால் தேசிய திறந்தநிலைப் பள்ளி, என்.ஐ.ஓ.எஸ். ஒரு முறை பதிந்தால் ஐந்து ஆண்டு செல்லும், ஒன்பது வாய்ப்பு, ஆண்டுக்கு இரண்டு தேர்வு. இரண்டு தாள் இப்போது, மூன்று தாள் பிறகு என்று மருந்துச் சுற்றுக்கு ஏற்ப எழுதலாம். அந்த வழிக்குப் போவதாக இருந்தால் மட்டுமே டிசி. அதுவும் என்.ஐ.ஓ.எஸ். பதிவு எண் கைக்கு வந்த பிறகு, பதினோராம் வகுப்புக்கு நீங்கள் நினைத்திருக்கும் பள்ளி அந்தச் சான்றிதழை ஏற்கும் என்று கேட்டு வைத்துக்கொண்ட பிறகு.