உலகம் உண்டான கதைகள் பலவும் தண்ணீரில் தொடங்குவது ஏன்?

சென்னைக் கடலோரத்துக் காசிமேட்டுக்காரனான என்னிடம் கேட்டால், பின்னே எதில் தொடங்கும் என்றுதான் சொல்வேன். ஆனால் எல்லாக் கதையும் அப்படியில்லை. 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் எழுதிவைத்த கதையில் பனியும் நெருப்பும் மோதும் வெற்றிடத்தில் இமிர் என்கிற அரக்கன் பிறக்கிறான். பனிமலையும் எரிமலையும் ஒன்றாகக் கிடக்கிற ஊர் அது.

எகிப்தில் நூன் என்ற ஆதி நீரிலிருந்து ஒரு மேடு தலைகாட்டுகிறது. வருடா வருடம் நைல் வெள்ளம் வடிந்து வண்டல் மேடு வெளியே வருவதைப் பார்த்தவர்கள் வேறு எப்படிச் சொல்வார்கள்?

எனக்கு நெருக்கமானது பாபிலோன் கதைதான். அப்சு நன்னீர், தியாமத் உப்பு நீர். இரண்டும் கலந்துதான் தெய்வங்கள் பிறக்கின்றன. எண்ணூர் முகத்துவாரத்தில் கொசஸ்தலையாறு கடலோடு சேரும் இடத்தைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். அந்தக் கலப்புத் தண்ணீரில்தானே இறால் குஞ்சு வளர்கிறது!

அப்புறம் சண்டை வருகிறது. அந்தத் தெய்வங்களில் ஒருவனான மர்துக் தியாமத்தைக் கொன்று, காயப்போடும் மீனைப் போல இரண்டாகப் பிளக்கிறான். உவமை என்னுடையதல்ல, அந்தக் கதையை எழுதிவைத்த 7 களிமண் பலகைகளில் நாலாவதில் இருக்கிறது. ஒரு பாதியை வானமாக்கி, தண்ணீர் வெளியேறாதபடி காவலும் வைக்கிறான். பைபிளின் ஆதியாகமத்திலும் ஆகாயவிரிவு மேல் தண்ணீரையும் கீழ்த் தண்ணீரையும் பிரிக்கிறது. ஆனால் சண்டை இல்லை, சொன்னதும் நடக்கிறது. ஆழத்துக்கு அங்கே வரும் 'தெஹோம்' என்ற எபிரேயச் சொல்லும் தியாமத்தும் ஒரே வேரிலிருந்து வந்தவை. பக்கத்து வீட்டுக்காரர்கள், அதனால் கதையும் சுவர் தாண்டியிருக்கிறது.

அதற்காக எல்லாமே ஒரே கடல்கோளின் நினைவு என்று சிலர் முடித்துவிடுகிறார்களே, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நம் பரிபாடலின் இரண்டாம் பாட்டில் வானம், காற்று, தீ, நீர், நிலம் என்று வரிசையாகத் தோன்றுகின்றன. தண்ணீர் நாலாவது! வெட்டிப் பிளக்க ஒரு எதிரியும் இல்லை. கடந்துபோன ஊழிகளை நெய்தல், குவளை, ஆம்பல் என்று பூப் பெயர்களால் எண்ணுகிறார் புலவர்.

கருவாடு போடும் என் அத்தையிடம் மர்துக் கதையைச் சொன்னேன். வஞ்சிரத்தை முதுகுப் பக்கம் கீறி, புத்தகம்போல விரித்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

“உப்பு போட்டானாமாடா?”

“அவளே உப்புக் கடல்தான் அத்தை.”

“அப்ப சரி.”