பதிலுக்குப் பதில் கெட்ட மதிப்பெண்: ஒரே நேரத்தில் வெளியிடுங்கள்

பழைய பொருள் விற்கும் உங்கள் செயலியில் எல்லாருக்கும் 5 நட்சத்திரமே விழுகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள். வாங்குபவரும் விற்பவரும் ஒருவருக்கொருவர் போடும் மதிப்பெண்ணை மூடி வையுங்கள். இருவரும் போட்ட பிறகோ, 14 நாள் முடிந்த பிறகோ சேர்த்து வெளியிடுங்கள். தங்க வீடு வாடகைக்கு எடுக்க உதவும் ஏர்பிஎன்பி தளம் 2014-இல் இந்த முறைக்குத்தான் மாறியது. இணையச் சந்தையான ஈபே 2008-இல் இன்னும் கடுமையாகப் போனது: வாங்குபவருக்கு விற்பவர் கெட்ட மதிப்பெண் போடவே முடியாது.

உங்கள் செயலியில் எல்லாருக்கும் 5 நட்சத்திரம் விழக் காரணம் பெரும்பாலும் பயம்தான். நான் 2 போட்டால் அவரும் 2 போடுவாரே என்று ஏமாந்தவர்கூடப் பேசாமல் இருந்துவிடுகிறார். ஒழுங்காக விற்பவருக்கு இது பெரிய அநியாயம்.

ஒன்று சோதித்துப் பாருங்கள். 3-க்குக் கீழான மதிப்பெண்களை மட்டும் எடுத்து, எதிர்த்தரப்பின் மதிப்பெண் எவ்வளவு நேரத்தில் வந்தது என்று பாருங்கள். சில மணி நேரத்திலேயே அதுவும் கீழே விழுந்திருந்தால் பழிவாங்கல்தான்.

அப்புறம், ஒரே ஒரு 5 வாங்கிய புதியவர் முதலிடத்தில் நிற்பதாகச் சொன்னீர்கள். செயலியில் உள்ள எல்லா மதிப்பெண்களின் சராசரிதான் பொதுச் சராசரி; கூடுதலாக ஐந்து பேர் அதே அளவு மதிப்பெண் போட்டதாக வைத்து ஒவ்வொருவருக்கும் கணக்கிடுங்கள். பொதுச் சராசரி 4.2 என்றால் புதியவருக்கு 4.33 வரும்; 40 பேரிடம் 4.7 வாங்கியவர் 4.64-இல் நிற்பார்.

வெளியான பிறகு மதிப்பெண்ணைத் திருத்த மட்டும் விடாதீர்கள். விட்டால் மூடி வைத்ததே வீண்.