வாசகர் கேள்வி: மேலே கரி, நடுமுள்ளில் பச்சை

கேள்வி: சீலா மீனைக் கனத்த துண்டாகப் போட்டு, அவசரத்தில் தீயைக் கூட்டிப் பொரித்தேன். மேலே கருகிவிட்டது, நடுமுள்ளை ஒட்டி வேகவே இல்லை. தீயைக் கூட்டினால் சூடு உள்ளே சீக்கிரம் போகத்தானே வேண்டும்? இன்னொன்று, என் பெரியப்பாவுக்குக் கல்லீரல் கட்டியில் ஊசி செருகிச் சூடேற்றிச் சிகிச்சை செய்தார்கள். “அவசரப்பட்டால் கருகிடும், அப்புறம் சூடு பரவாது” என்று டாக்டர் சொன்னார். இரண்டும் ஒரே கதைதானா?
– ஒரு வாசகி, மண்டபம்

பதில்: ஒரே கதைதான், சகோதரி. நாம் சதையை ஒரு செங்கல் மாதிரி நினைத்துக்கொள்கிறோம், எவ்வளவு சுட்டாலும் அது அதே செங்கல் என்று. சூடு ஏற ஏற சதையே வேறு பொருளாகிவிடுகிறது, நேற்று சூட்டைக் கடத்திய விதத்தில் இன்று கடத்தாது.

மீன் சதையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதனால் அது ஏறக்குறைய தண்ணீர் போலவே சூட்டைக் கடத்தும். கொழுப்பு அதில் பாதிகூடக் கடத்தாது. தண்ணீர் சூடானால் கடத்தும் திறன் கொஞ்சம் கூடவும் செய்யும், ஆகவே ஆரம்பத்தில் உங்கள் கணக்கு தப்பில்லை. அப்புறம் புரதம் உறைந்து கண்ணாடி மாதிரி இருந்த சதை வெள்ளையாகிறது, சுருங்கி நீரை வெளியே பிழிகிறது. எண்ணெயில் சடசடவென்று கேட்பது அந்த நீர்தான். ஒரு கிராம் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100-க்குக் கொண்டுவர 70 கலோரி போதும், அதே ஒரு கிராமை ஆவியாக்க 540 கலோரி வேண்டும்! ஈரம் இருக்கும் வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது, அடுப்பை எவ்வளவு திருகினாலும் சரி. ஈரம் தீர்ந்ததும் மேல்தோல் காய்ந்து, உள்ளே நுண்ணிய ஓட்டைகளும் ஆவியும் காற்றுமாக ஆகிவிடும். காற்று தண்ணீரில் இருபதில் ஒரு பங்குகூடச் சூட்டைக் கடத்தாது. அதாவது மீனுக்கு நீங்களே ஒரு கம்பளி போர்த்திவிட்டீர்கள். அதற்குப் பிறகு கூட்டும் தீயெல்லாம் பெரும்பாலும் கம்பளியைக் கருக்கத்தான்.

வாடியில் ஐஸ் போட்டு வைத்த மீன் சில்லென்று இருக்கும், அவ்வளவுதான். ஃப்ரீசரில் கல்லாகக் கிடந்ததை அப்படியே சட்டியில் போட்டால் வேறு வம்பு. பனிக்கட்டி தண்ணீரைவிட நான்கு மடங்கு சூட்டைக் கடத்தும், ஆனால் முதலில் உருகும் வெளிப்பக்கம் தண்ணீராகி உள்ளிருக்கும் கட்டிக்குச் சூடு போவதைத் தாமதப்படுத்தும், கட்டி உருகவே கிராமுக்கு 80 கலோரி கேட்கும். அதனால்தான் உறைய வைப்பதைவிட உருக வைக்க நேரமாகிறது. முழுக்க உருகட்டும், துண்டில் ஆழமாகக் கீறல் போடுங்கள், மிதமான தீயில் வையுங்கள். நடுமுள் ஓரம் 63 டிகிரி வந்தால் போதும். (எங்கள் வீட்டில் இதைச் சொன்னால் “அடுப்படிக்கு வந்து சொல்லுங்க” என்பார்கள்.)

பெரியப்பா விஷயத்துக்கு வருவோம். கட்டிக்குள் செருகும் ஊசியிலிருந்து ரேடியோ அலை மின்சாரம் பாய்ந்து சுற்றியுள்ள திசுவைச் சூடாக்கும். 60 டிகிரி வந்தாலே செல்கள் சட்டென்று செத்துவிடும், ஆகவே கட்டி முழுக்க 60-க்கு மேல், 100-க்குக் கீழ் வைத்திருப்பதுதான் நோக்கம். ஊசியோரம் 100-ஐத் தாண்டினால் ஆவிக்குமிழும் கரியும் ஊசியைச் சுற்றிக்கொள்ளும், மின்சாரமும் ஓடாது, சூடும் பரவாது, கட்டியின் ஓரம் பிழைத்துக்கொள்ளும். அதற்காகவே கருவி மின்தடையைப் பார்த்துப் பார்த்துச் சக்தியைக் குறைக்கிறது. சில ஊசிகளுக்குள் குளிர்ந்த நீரே ஓடும்.

ஒரு வித்தியாசம் உண்டு. சட்டியில் கிடக்கும் சீலாவுக்கு ரத்த ஓட்டம் இல்லை, பெரியப்பாவின் கல்லீரலுக்கு உண்டு. ஓடும் ரத்தம் சூட்டை வாரிக்கொண்டு போய்விடும். பெரிய ரத்தக் குழாயை ஒட்டிய கட்டியைச் சுடுவது இதனால்தான் கடினம். வெந்த பகுதியில் சின்னக் குழாய்கள் அடைத்துக்கொண்டால் அங்கே சூடு தங்க ஆரம்பிக்கும். ரத்தம் சுமக்கும் சூட்டையும் சேர்த்துத் திசுவின் வெப்பநிலைக்குக் கணக்கு எழுதியவர் ஹாரி பென்னஸ், மனிதர்களின் முன்கையில் அளந்து 1948-இல்.

கேள்வி: கரைவலை இழுக்கும்போது திருக்கை முள் குத்தினால் காலை வெந்நீரில் வைக்கச் சொல்கிறார்களே, சரியா?
– ஒரு வாசகர், தொண்டி

பதில்: சரிதான். திருக்கையின் விஷத்தில் சூடு தாங்காத புரதங்கள் இருக்கின்றன, வெந்நீரில் வலி நன்றாகக் குறையும். ஆனால் 45 டிகிரிக்கு மேல் வேண்டாம். 60 டிகிரி நீர் ஐந்தாறு விநாடியில் தோலை வேகவைத்துவிடும். வலியில் கால் மரத்துக் கிடக்கும், சூடு தெரியாது, அதனால் குத்துப்படாத இன்னொருவர் கைவிட்டுப் பார்க்கட்டும். அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை வைக்கலாம். அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போய், உள்ளே முள் துணுக்கு தங்கியிருக்கிறதா என்று பார்த்து, தேவையென்றால் டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள். நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தியிருந்தால் வெந்நீர் வைக்கக்கூட நிற்காமல் நேரே வண்டியில் ஏற்றுங்கள், முள் உள்ளே நின்றிருந்தால் பிடுங்காமல்.