கடனும் உதவிதானா, அக்கா?

கேள்வி: பந்தலூர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், நிர்வாகம் தந்த லைன் வீட்டில் இருக்கிறோம், அக்கா. அப்பாவுக்கு ஃபேக்டரியில் வேலை. அம்மா கொழுந்து எடுக்கிறார். இரண்டு பேர் சம்பளமும் சேர்ந்து வருடத்துக்கு இரண்டே கால் லட்சம் வரும். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில்தான் படித்தேன். கோவையில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் பி.டெக். இடம் கிடைத்திருக்கிறது. ‘உங்களுக்கு 2,25,000 ரூபாய் நிதி உதவி’ என்று கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். பத்து நாளில் 25,000 ரூபாய் முன்பணம் கட்ட வேண்டுமாம். அம்மா கம்மலை அடகு வைக்கப் போகிறேன் என்கிறார். கட்டிவிடலாமா? கடிதத்தின் நகலை இதோடு இணைத்திருக்கிறேன்.
– பெயர் வேண்டாம், பந்தலூர்

பதில்: கம்மல் அம்மாவின் காதிலேயே இருக்கட்டும். முதலில் அதைப் போய்ச் சொல்லிவிட்டு வா, மற்றதை அப்புறம் பேசுவோம்.

அக்கா என்று எழுதியிருக்கிறாய், அதனால் நானும் நீ என்றே எழுதுகிறேன். கல்லூரி உனக்கு அனுப்பிய கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அதில் பொய் என்று ஒரு வரி கூட இல்லை. ஆனால் அடுக்கியிருக்கிற விதம் இருக்கிறதே, அது கெட்டிக்காரத்தனம். கல்விக் கட்டணம் 2,10,000, விடுதிக்கும் மெஸ்ஸுக்கும் 90,000, ஆக மொத்தம் 3,00,000. அதற்குக் கீழே மெரிட் ஸ்காலர்ஷிப் 60,000, விரைவுச் சேர்க்கைச் சலுகை 15,000, கல்விக் கடன் ஏற்பாடு 1,50,000. மூன்றையும் கூட்டி, ‘உதவி 2,25,000, நீங்கள் கட்ட வேண்டியது 75,000 மட்டுமே’ என்று தடித்த எழுத்தில் முடித்திருக்கிறார்கள்.

தோட்டத்து மளிகைக் கடையில் பில்லில் பத்து ரூபாய் குறைத்துக்கொள்வதும், நூறு ரூபாயை நோட்டில் எழுதிக்கொள்வதும் ஒன்றா? நோட்டில் எழுதியதை ‘கடைக்காரர் எனக்கு நூறு ரூபாய் உதவி செய்தார்’ என்று உன் அம்மா சொல்வாரா? இந்தக் கடிதம் அதைத்தான் சொல்கிறது. ஒரு பென்சிலை எடுத்து, திருப்பித் தர வேண்டாத பணத்தை மட்டும் வட்டமிடு. 60,000-மும் 15,000-மும்தான் தேறும். 75,000. மிச்சம் 2,25,000 உன் வீட்டுப் பொறுப்பு. இன்றைக்குக் கையிலிருந்து போனாலும் சரி, நாளைக்கு உன் சம்பளத்திலிருந்து போனாலும் சரி. பார், அவர்கள் உதவி என்று போட்ட அதே தொகை! ஏறக்குறைய உங்கள் வீட்டின் ஒரு வருட வருமானம்.

அடுத்தது, பின்பக்கம் இருக்கும் பொடி எழுத்து. விரைவுச் சேர்க்கைச் சலுகை முதல் வருடத்துக்கு மட்டும். ஸ்காலர்ஷிப் தொடர, ஒவ்வொரு வருடமும் சி.ஜி.பி.ஏ., அதாவது பத்துக்கு எத்தனை என்று போடும் மதிப்பெண் சராசரி, 8-க்குக் குறையக் கூடாது. மலையிலிருந்து இறங்கிப் போகிற பிள்ளைக்கு முதல் செமஸ்டர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஊர் வெயிலும் விடுதிச் சாப்பாடும் ஆங்கில லெக்சரும் பழகுவதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும். ஒரு தடவை தவறினால் அந்த 60,000-மும் போய், முழு மூன்று லட்சம் உன் தலையில். ஒன்றுமே தவறாது என்று வைத்துக்கொண்டால்கூட நான்கு வருடத்துக்கு 9,45,000 ரூபாய் ஆகிறது. கட்டணத்தை இடையில் உயர்த்தமாட்டோம் என்ற வாக்குறுதியை அந்தக் கடிதத்தில் தேடினேன், காணோம்.

இப்போது கடன். வருடம் 1,50,000 வீதம் நான்கு வருடத்துக்கு 6 லட்சம். படிக்கும் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். உண்மைதான். ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். 10 சதவீதத் தனிவட்டி என்று வைத்துக்கொள்வோம். முதல் வருடம் வாங்கிய பணத்துக்கு ஐந்து வருட வட்டி 75,000. இரண்டாம் வருடத்துக்கு 60,000, பிறகு 45,000, கடைசியில் 30,000. நீ முதல் தவணை கட்டப் போகிற அன்று கடன் 8,10,000-ஆக நிற்கும். அதைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 10,700 ரூபாய். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அது சின்னத் தொகை இல்லை.

கடனே வாங்காதே என்று நான் சொல்லவில்லை. எங்கள் கோத்தகிரியில் வங்கிக் கடனில் படித்து நன்றாக இருப்பவர்கள் நிறையப் பேர். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், நாக் அல்லது என்.பி.ஏ. (இரண்டும் உயர்கல்வியின் தரத்தை மதிப்பிடும் அமைப்புகள்) அங்கீகாரம் பெற்ற இடத்தில் தொழிற்படிப்பு படிப்பவர்களுக்கு அந்த ஐந்து வருட வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் இருக்கிறது. ஆனால் வங்கிகள் தரும் முறையான கல்விக் கடனுக்குத்தான் அது. ‘கடன் ஏற்பாடு’ என்று கல்லூரி கைகாட்டுவது வங்கியையா, ஃபைனான்ஸ் கம்பெனியையா என்று கேள். கம்பெனி என்றால் அந்த வட்டிச் சலுகையை மறந்துவிட வேண்டியதுதான். 7.5 லட்சம் வரையான கல்விக் கடனுக்கு வங்கியில் சொத்து அடமானம் தேவையில்லை. வீட்டுப் பத்திரம் கொண்டு வா என்று யாராவது கேட்டால் மிரள வேண்டாம். லைன் வீட்டுக்கு ஏது பத்திரம்!

இத்தனை நேரம் கடிதத்தில் இருப்பதைப் பேசினோம். உனக்குக் கிடைக்கக்கூடிய பெரிய உதவி அந்தக் கடிதத்திலேயே இல்லை. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய். அதுதான் உன் சொத்து. பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடம் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேருகிறவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. ஆனால் பொறியியல் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அந்தக் கலந்தாய்வுக்குள் வருவதில்லை. உனக்கு வந்திருக்கும் இடத்தில் சேர்ந்தால் இந்த உரிமையை நீயே கைகழுவியதாக ஆகிவிடும். கேட்ட கல்லூரியும் கேட்ட பிரிவும் கிடைத்தே தீரும் என்று உறுதி சொல்ல முடியாது. ரேங்க்கைப் பொறுத்தது அது. ஆனாலும் கடனில்லாத இரண்டாவது விருப்பம், எட்டு லட்சம் கடனோடு வரும் முதல் விருப்பத்தைவிட மேல் என்பது என் கட்சி. உன் அப்பா வேறு மாதிரி நினைக்கலாம். கணக்கைக் காட்டிப் பேசு.

இதோடு, அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உன் வங்கிக் கணக்குக்கு வரும். மற்ற உதவித்தொகை வாங்கினாலும் இதை வாங்கலாம். சோப்பு, பஸ் கட்டணம், செல்போன் ரீசார்ஜ் எல்லாம் எந்தக் கடிதத்திலும் வராது. நான் கோவையில் படித்தபோது மெஸ் பில் தனியாக மாதாமாதம் வரும் என்றே சேரும்போது யாரும் சொல்லவில்லை. பில் வரும் தேதியும், என் அப்பாவுக்குப் பச்சைத் தேயிலைப் பணம் வரும் தேதியும் மூன்று வருடத்தில் ஒரு மாதம்கூட ஒத்துப்போனதில்லை.

(இதைப் படிக்கும் மற்ற பெற்றோருக்கு: பிள்ளை இடையில் தனியார் பள்ளிக்குப் போயிருந்தாலும், குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கலந்தாய்வில் சேரும்போது கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.)

பத்து நாள் கெடுவுக்கு வருவோம். தேதியைத் தள்ளிப்போட முடியுமா, விலகினால் முன்பணம் எவ்வளவு திரும்பும் என்று கல்லூரிக்கு மின்னஞ்சல் அனுப்பு. போனில் கேட்காதே. போனில் எல்லோரும் இனிமையாகத்தான் பேசுவார்கள். சேர்க்கையை ரத்து செய்பவர்களுக்குக் கட்டணத்தைத் திருப்பித் தர யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதி வைத்திருக்கிறது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்துவைத்துக்கொள்ளக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் பணமும் டி.சி.யும் ஒரு தடவை கைமாறிவிட்டால், விதியைக் காட்டி வாங்குவதற்குள் பந்தலூருக்கும் கோவைக்குமாக எத்தனை பஸ் ஏற வேண்டியிருக்கும் என்று யோசித்துக்கொள்.

இந்த வாரமே கலந்தாய்வுக்குப் பதிந்துவிடு. அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றைத் தலைமையாசிரியரிடம் வாங்கு. வருமானச் சான்றுக்கும் முதல் பட்டதாரிச் சான்றுக்கும் இ-சேவையில் விண்ணப்பம் போடு. உங்கள் பக்கம் மழை பிடித்தால் கரண்டும் டவரும் சேர்ந்து போய்விடும், கடைசி நாள் வரை வைத்திருக்காதே. ரேங்க் வந்ததும் எனக்கு எழுது. கல்லூரிகளை வரிசைப்படுத்துவதற்கு முன்னால் எழுதினால், பட்டியலை இரண்டு பேரும் சேர்ந்து பார்க்கலாம்.